ஓஃப்சைட், பெனால்டி, ஹேண்ட்போல்: நடுவரோடு வாதாடுவதற்கு முன் பின்வரிசைக்குப் பழக்க வேண்டியவை

மட்டக்களப்பு வெபர் மைதானமோ, ஏறாவூர், கல்முனை, மருதமுனைப் பக்கத்துக் கழக மைதானமோ, ஒரு சுற்றுப்போட்டியில் ஆட்டம் நின்று வாக்குவாதம் தொடங்குகிற இடங்கள் அநேகமாக மூன்றுதான்: ஓஃப்சைட் கொடி, பெனால்டிப் பெட்டிக்குள் விழுந்த ஃபோர்வர்ட், கையில் பட்ட பந்து. மூன்றும் பின்வரிசைக்காரர், அதாவது கோலைக் காக்கிற பெக்மார், செய்கிற வேலையில் இருந்து வருபவை. நடுவர் பிழை விடுவதுண்டு. அதைப் பயிற்றுவிப்பாளர் திருத்த முடியாது. அரை மீட்டர் பின்னால் நின்ற சைட் பெக்கையும், கையை விரித்துக்கொண்டு பாய்கிற சென்டர் பெக்கையும் திருத்தலாம். அதற்குச் சட்டத்தை வாயால் சொல்லிக் கொடுத்தால் போதாது. காலுக்கும் கைக்கும் அது பழக்கமாக வேண்டும்.

கீழே உள்ளவை 11 பேர் ஆட்டத்துக்கு. பெருநாள், புத்தாண்டு நாட்களில் நடக்கும் 7 பேர் போட்டிகளில் ஓஃப்சைட்டையே எடுத்துவிடுகிற ஏற்பாட்டாளர்கள் உண்டு. அப்படியானால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் கோடு

பெட்டியின் சுண்ணாம்புக் கோட்டைக் கண்மதிப்பில் போட்ட மைதானத்தில் பயிற்சி செய்த அணி, அளந்து போட்ட மைதானத்துக்குப் போனதும் தடுமாறும். அளவு நாடா ஒன்றை எடுங்கள். கோல் கம்பத்தின் உட்புற விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் 16.5 மீட்டர், மைதானத்துக்குள்ளும் 16.5 மீட்டர். பெட்டியின் மொத்த அகலம் 40.32 மீட்டர் வர வேண்டும். பெனால்டிப் புள்ளி கோல் கோட்டின் நடுவிலிருந்து 11 மீட்டர். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கோல் கோட்டில் 3 மீட்டரும் பெட்டியின் பக்கக் கோட்டில் 4 மீட்டரும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையில் கயிறு பிடியுங்கள். சரியாக 5 மீட்டர் இருந்தால் மூலை நேராக இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் போட்ட கோடு பின்னேரம் மணலோடு போய்விடும். ஆட்டத்துக்குச் சற்று முன்னர் போடுவதே நல்லது.

கோடும் பெட்டியைச் சேர்ந்ததுதான். கோட்டின்மேல் நடந்த ஃபவுலுக்கும் பெனால்டிதான். ஜேர்சியைப் பிடித்தது வெளியில் தொடங்கி, பிடி விடாமல் உள்ளே வந்தாலும் பெனால்டி. “வெளியிலதான் பிடிச்சான் சேர்” என்ற வாதத்துக்கு இடமில்லை.

ஓஃப்சைட்: கயிற்றில் தொடங்கி ஆட்டத்துக்கு

சட்டம் இவ்வளவுதான். எதிரணியின் பாதி மைதானத்துக்குள், பந்தையும் கடைசிக்கு முந்தின எதிராளியையும் விட தலை, உடல், கால் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பகுதி கோல் கோட்டுக்குக் கிட்ட இருந்தால் அது ஓஃப்சைட் நிலை. கை கணக்கில்லை, அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே உள்ள தோள் கணக்கு. சமமாக நின்றால் ஓஃப்சைட் இல்லை. த்ரோ, கோணர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேரே வாங்கினாலும் இல்லை. பார்க்க வேண்டிய கணம், சக வீரர் பந்தைத் தொடும் கணம். வாங்குகிறவர் பந்தை எடுக்கும் கணம் இல்லை. “கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றான்” என்று கத்துகிறவர்கள் மறந்துபோவது: எண்ண வேண்டியது இரண்டு பேர். வழக்கமாக அதில் ஒருவர் கீப்பர். கீப்பர் முன்னுக்கு வந்துவிட்ட நேரத்தில் கோட்டில் ஒரே ஒரு பெக் நின்றால், அவரோடு சமமாக நிற்கிற ஃபோர்வர்டும் ஓஃப்சைட்தான்.

இனி வரிசை. வள்ளத்துக்கு வாங்குகிற நைலோன் கயிறு 25 மீட்டர் போதும். 8 மீட்டருக்கு ஒன்றாக நான்கு முடிச்சுப் போடுங்கள். நான்கு பெக்மாரும் ஆளுக்கொரு முடிச்சை ஒரு கையால் பிடிக்கட்டும். இடுப்பில் கட்டக் கூடாது. ஒருவர் விழுந்தால் மற்றவரையும் இழுத்துவிடும். பயிற்றுவிப்பாளர் 20 மீட்டர் முன்னால் பந்தோடு நிற்பார்.

அவர் தலையை நிமிர்த்தி, பந்து காலுக்கு முன்னால், நெருக்க ஆளில்லாமல் நின்றால், நால்வரும் பக்கவாட்டாகத் திரும்பித் தங்கள் கோல் பக்கம் இறங்க வேண்டும். அவர் முதுகைக் காட்டினாலோ, பந்தைப் பின்னுக்குத் தட்டினாலோ, ஐந்தாறு அடி விரைந்து முன்னுக்கு ஏற வேண்டும். பந்து பக்கத்துக்குப் போனால், கயிறு இழுபடாமல் நால்வரும் அந்தப் பக்கம் நகர வேண்டும். ஐந்து நிமிடம் நடையில், ஐந்து நிமிடம் மெல்லோட்டத்தில். யார் பின்தங்குகிறார் என்பதைக் கயிறே காட்டிவிடும். பிறகு கயிற்றைப் போட்டுவிட்டு அதையே செய்யுங்கள்.

கட்டளை கொடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும், அதுவும் சென்டர் பெக். மூன்று சொல் போதும்: “ஏறு”, “இறங்கு”, “நில்லு”. இரண்டு வாய் கத்தினால் வரிசை நடுவில் பிளக்கும். காற்று பலமான நாளில் குரல் எட்டாது. அப்போது சைட் பெக்மார் ஒவ்வொரு இரண்டு மூன்று நொடிக்கும் சென்டர் பெக்கின் தோளைத் திரும்பிப் பார்த்துத் தங்களைச் சமப்படுத்தப் பழக வேண்டும்.

அடுத்த கட்டம் பாதி மைதானத்தில். கீப்பரும் நான்கு பெக்மாரும் ஒரு பக்கம். மூன்று ஃபோர்வர்டும் பந்து கொடுக்க இரண்டு நடுவரிசைக்காரரும் மறுபக்கம். நடுவரிசைக்காரருக்கு இரண்டு தொடுகை மட்டும். ஓஃப்சைட்டில் பிடித்தாலோ பந்தை வென்றாலோ பின்வரிசைக்கு ஒரு புள்ளி. சரியான நேரத்தில் உடைத்து உள்ளே போனால் ஃபோர்வர்டுக்கு ஒன்று. நான்கு நிமிட ஆட்டம், இரண்டு நிமிட ஓய்வு, நான்கு சுற்று. ஒரு சுற்றில் பந்து கொடுப்பவரை நெருக்க ஒரு ஆளை விடுங்கள், அடுத்த சுற்றில் எடுத்துவிடுங்கள். எப்போது ஏறலாம், எப்போது ஏறக் கூடாது என்பது அந்த இரண்டு சுற்றுக்கும் இடையில்தான் பொடியன்மாருக்கு விளங்கும்.

இங்கேதான் நமது கழக அணிகள் பெரும்பாலும் அடிவாங்குகின்றன. பந்து வைத்திருக்கிறவரை யாரும் நெருக்காதபோது வரிசை ஏறினால், நல்ல கால் உள்ள எவரும் தலைக்கு மேலால் போட்டுவிடுவார். வரிசை ஏறலாமா என்பதை முடிவுசெய்வது முன்னால் நிற்கும் நடுவரிசைக்காரரின் உழைப்பு. அவர்கள் களைத்துவிட்ட கடைசி 15 நிமிடத்தில் ஓஃப்சைட் பொறியை (ஒன்றாக ஏறி ஃபோர்வர்டை ஓஃப்சைட்டில் மாட்டவைப்பதை) விட்டுவிட்டு இறங்கி நிற்கச் சொல்லுங்கள். வரிசை கோலிலிருந்து 35 மீட்டரில் நின்றால் கீப்பரும் கோல் கோட்டை விட்டுப் பெட்டியின் விளிம்புக்குக் கிட்ட வந்து நிற்க வேண்டும். கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிற கீப்பரோடு உயர வரிசை ஆடுவது வீண்.

மற்ற வழக்கமான பிழை, தூரத்துச் சைட் பெக். பந்து வலப்பக்கம் இருக்கும்போது இடப்பக்கத்தவர் பந்தைப் பார்த்தபடி வரிசையை விட இரண்டு மீட்டர் கோல் பக்கமாகப் பின்னால் நின்றுவிடுவார். அவர் ஒருவர் போதும், எதிரணியின் மூன்று ஃபோர்வர்டும் ஓன்சைட் ஆகிவிடுவார்கள். அப்புறம் எல்லாரும் லைன்ஸ்மனை (துணை நடுவரை) பார்த்துக் கையைத் தூக்குவார்கள்.

கையைத் தூக்கும் பழக்கத்தையும் தனியாக எடுக்க வேண்டும். ஓஃப்சைட் நிலையில் நிற்பது மட்டும் குற்றமில்லை. அவர் பந்தை ஆடினாலோ எதிராளிக்கு இடையூறு செய்தாலோதான் விசில் வரும். அதனால் நல்ல துணை நடுவர் பந்து யாரிடம் போகிறது என்று பார்த்துவிட்டே கொடியைத் தூக்குவார். அந்த ஒரு நொடியில் கை தூக்கி நின்றவர் ஆட்டத்தை விட்டுவிட்டார். பயிற்சியில் தெளிவான ஓஃப்சைட்டுகளில் பாதிக்கு வேண்டுமென்றே விசில் அடிக்காதீர்கள். நின்றவர் அந்தக் கோலுக்குப் பொறுப்பு.

பந்து பெக்கின் காலில் பட்டு ஓஃப்சைட் ஃபோர்வர்டிடம் போனால்? வேண்டுமென்று ஆடிய பந்தா என்பதுதான் கேள்வி. தூரத்திலிருந்து, வேகமில்லாமல், தெளிவாகத் தெரியும்படி வந்த பந்தை உடலைச் சரிப்படுத்தி அடிக்க நேரமிருந்து பிழைத்தால் அது வேண்டுமென்று ஆடியதாகக் கொள்ளப்படும். ஃபோர்வர்ட் ஓன்சைட் ஆகிவிடுவார். எட்டி நீட்டிய காலில் உரசிப் போனாலோ, தடுத்துக் கோலைக் காத்தாலோ ஆகமாட்டார். கோலை நோக்கி முதுகைத் திருப்பியபடி அரைகுறையாகத் தலை கொடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்: ஒன்றில் சுத்தமாக அடி, இல்லாவிட்டால் விடு.

“பந்தைத்தானே தொட்டேன்”

பந்தை முதலில் தொட்டாலும் ஃபவுல் ஆகலாம். கவனமில்லாமல் இடித்தால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் போனால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலம் அல்லது ஆளுக்கு ஆபத்து என்றால் சிவப்பு. இந்த மூன்று படியையும் பெக்மார் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பழக்க வேண்டியது நெருங்கும் முறை. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்தில் கோன் வைத்து ஒரு வழி போடுங்கள். ஃபோர்வர்ட் ஒரு முனையில், பெக் மறுமுனையில். பெக் முதலில் வேகமாகப் போகலாம். கடைசி மூன்று மீட்டரில் அடியைச் சிறிதாக்க வேண்டும். உடல் பக்கவாட்டாக, முழங்கால் மடிந்து, பாரம் பாதத்தின் முன்பகுதியில். இடைவெளி ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகம். பக்கக் கோட்டுப் பக்கம் வழியைக் காட்டிவிட்டு, நடுவை மூட வேண்டும். பந்து ஃபோர்வர்டின் காலை விட்டு ஒரு அடி விலகுகிற கணத்தில் மட்டும் கிட்டிய காலால் எடுக்க வேண்டும். ஆறு முறை செய்துவிட்டு மாறுங்கள்.

முதல் பத்து நிமிடம் பெக் பந்தை எடுக்கவே கூடாது, ஐந்து நொடி தாமதப்படுத்தினால் வெற்றி என்று வைத்துப் பாருங்கள். அவசரப்பட்டுக் கால் வைக்கிறவர்கள் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

சறுக்கிப் பறிப்பதைப் பெட்டிக்குள் தடைசெய்யுங்கள். மைதானமும் இதற்கு உதவாது. கோடையில் கரையோர மைதானங்களின் தளர்ந்த மணலில் கால் புதைந்து நின்றுவிடும். பந்துக்கு எட்டாமல் ஆளில் முட்டும். மாரியில் நனைந்த புல்லில் நினைத்ததைவிடத் தூரம் வழுக்கிப் போய் ஆளையே வாரிவிடும். இரண்டிலும் நடுவருக்குத் தெரிவது தாமதமான கால்தான்.

“கடைசி ஆள் என்றால் சிவப்பு” என்ற பேச்சு சட்டத்தில் இல்லை. நடுவர் பார்ப்பது நான்கு: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில், பந்து ஃபோர்வர்டின் கட்டுப்பாட்டில் இருக்குமா, சுற்றி எத்தனை பெக்மார் எங்கே நிற்கிறார்கள். பெட்டிக்குள் பந்தை எடுக்க உண்மையாக முயன்று ஃபவுல் செய்து பெனால்டி கொடுத்தால் மஞ்சள். இழுத்தாலோ பிடித்தாலோ தள்ளினாலோ சிவப்பு. வேறு விதமாகச் சொன்னால், தோற்றுவிட்ட ஓட்டத்தில் ஜேர்சியைப் பிடிப்பதுதான் மிக விலை கூடிய பிழை.

கோணரில் இழுபறி செய்கிறவர்களுக்கு நல்ல மருந்து டென்னிஸ் பந்து. கிரிக்கெட்டுக்கு வாங்கியது எந்த வீட்டிலும் கிடக்கும். கோணர் பயிற்சியின்போது ஒவ்வொரு பெக்கும் இரு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்தபடி ஆளைக் காக்கட்டும். பிடிக்கக் கை இல்லை என்றால் கால் தானாக நகரும்.

கை

நடுவர் கேட்பது இரண்டு கேள்வி. வேண்டுமென்று தொட்டாரா? இல்லாவிட்டால், அந்த நேரத்து உடல் அசைவுக்குத் தேவையில்லாத விதத்தில் கை விரிந்து உடலைப் பெரிதாக்கியதா? “பந்துதான் கைக்கு வந்தது” என்பது இரண்டாவது கேள்விக்குப் பதிலாகாது.

ஷொட்டைத் தடுக்கப் போகும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்கிற பயிற்றுவிப்பாளர்கள் உண்டு. இரண்டு மீட்டருக்குள் அசையாமல் நின்று தடுப்பதற்கு அது சரி. ஓடுகிற ஃபோர்வர்டுக்கு முன் அப்படி நின்றால் சமநிலை போய்விடும், ஒரு திருப்பத்தில் வெட்டிக்கொண்டு போய்விடுவார். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி வைத்திருப்பதே மேல். பழக்க, பெக்மார் தங்கள் ஜேர்சியின் கீழ் விளிம்பை இரு கையாலும் பற்றியபடி, 6 மீட்டரிலிருந்து அடிக்கும் 10 பந்துகளைத் தடுக்கட்டும். அடுத்த 10 பந்துக்கு விளிம்பை விட்டுவிட்டுச் செய்யட்டும். தலையால் அடிக்கப் பாயும்போது கை உயர்வது இயல்பு. அது தோளுக்கு மேலே போவதுதான் ஆபத்து. பாய்ச்சலுக்குக் கையை முழங்கை மடித்து முன்னுக்கு வீசப் பழக்குங்கள்.

ஃபோர்வர்டுக்கு வேறு கணக்கு. தன் கையில் தற்செயலாகப் பட்டாலும், அதிலிருந்து நேராகவோ உடனடியாகவோ அவரே போடும் கோல் செல்லாது. சக வீரரின் கையில் தற்செயலாகப் பட்டு இவருக்கு வந்திருந்தால் 2021 முதல் அது குற்றமில்லை. 2010 உலகக் கிண்ணத்தில் கானாவுக்கு எதிராக உருகுவேயின் சுவாரெஸ் கோட்டில் கையால் தடுத்தது போல வேண்டுமென்று செய்தால் சிவப்பு அட்டை மாறவில்லை. தற்செயலாகக் கை விரிந்து கோல் வாய்ப்பைத் தடுத்து பெனால்டி கொடுத்தால், 2024 முதல் மஞ்சள் மட்டும்.

கீப்பருக்கு ஒரே ஒரு சேதி: 2025 ஜூலை முதல் கையில் 8 நொடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார்.

லைன்ஸ்மன் நம்ம ஆள் என்றால்

சிநேகபூர்வ ஆட்டங்களில் கொடியைக் கழக ஆளிடமே கொடுப்பது வழக்கம். அவரைப் பழக்காமல் விட்டால் உங்கள் பின்வரிசைக்கும் பிழையான பாடம்தான் கிடைக்கும்.

நிற்க வேண்டிய இடம், கடைசிக்கு முந்தின பெக்கோடு ஒரே நேர்கோட்டில். பந்து அவரைவிடக் கோலுக்குக் கிட்ட இருந்தால் பந்தோடு. குறுகிய தூரத்துக்கு மைதானத்தைப் பார்த்தபடி பக்கவாட்டாக நகர வேண்டும். நேர்கோட்டை விட்டு விலகினால் கண் ஏமாற்றும். கோல் பக்கமாக இரண்டு மீட்டர் கூடப் போய்விட்டால், சமமாக நிற்கிற இருவரில் தூரத்தில் நிற்பவர் கோலுக்குக் கிட்ட நிற்பது போலத் தோன்றும். தூரத்து ஃபோர்வர்டுக்கு அநியாயமாகக் கொடி எழும். பின்தங்கிவிட்டால் மறுபுறம்: கிட்ட நிற்கிற ஃபோர்வர்ட் முன்னால் நிற்பது போலத் தெரியும்.

அடுத்தது நேரம். ஃபோர்வர்ட் நொடிக்கு 7 மீட்டர் ஓட, பெக் நொடிக்கு 3 மீட்டர் எதிர்த்திசையில் ஏறினால், கால் நொடியில் இருவருக்கும் இடையில் 2.5 மீட்டர் மாறிவிடும். பந்தைப் பார்த்துவிட்டு வரிசையைப் பார்க்கக் கண் திரும்புகிற நேரம் அவ்வளவுதான். அதனால் கண் வரிசையில் இருக்கட்டும், பந்து அடிபடுவதைக் கடைக்கண்ணாலும் காதாலும் பிடிக்கட்டும். தூரத்துப் பந்தின் சத்தம் பிந்தி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கயிற்றுப் பயிற்சியின்போதே அவரைக் கோட்டில் விடுங்கள். சந்தேகம் என்றால் கொடி கீழே.

எல்லைக்கு வெளியே மூலையிலிருந்து எடுத்த கைபேசி வீடியோவும் இதே கண்மயக்கத்தைத்தான் தருகிறது. வரிசைக்கு நேராக நின்று எடுக்காத படத்தைக் காட்டி ஓஃப்சைட் வாதம் செய்வதில் பொருளில்லை.

ஆட்டத்துக்கு முன்னும் ஆட்டத்திலும் கதைக்கும் முறை

ஆட்டத்துக்கு அரை மணி முன்னர் கப்டன் நடுவரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை நிமிடம், மாற்று வீரர்கள் எத்தனை, சமநிலை என்றால் மேலதிக நேரமா நேரே பெனால்டியா, தண்ணீர் இடைவேளை உண்டா. சட்டத்தில் தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் வரையும், உடலைக் குளிரவைக்க 90 நொடி முதல் 3 நிமிடம் வரையும் இடமுண்டு. மே, ஜூன் வெயிலில் இதைக் கேட்காமல் விடுவது மடமை. கையில் கோயில் காப்பு, தாயத்து, இறப்பர் வளையம் இருப்பவர்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஆபரணம் எதுவும் கூடாது, டேப் சுற்றி மறைப்பதும் கூடாது. கழற்ற முடியாத காப்பு நூல் என்றால், மைதானத்துக்குள் போன பிறகு தகராறு பண்ணுவதைவிட முன்னமே நடுவரிடம் சொல்லிக் கேட்பது மரியாதை.

ஆட்டத்தில் பேசுபவர் கப்டன் மட்டும். பந்து வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கை கீழே இருக்க, கேள்வியாகக் கேட்க வேண்டும்: “சேர், எங்கட 4ஆம் நம்பர் என்ன பிழை விட்டான் என்று சொல்லுங்களன், நான் அவனுக்குச் சொல்றன்.” இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான நடுவர்கள் பதில் சொல்வார்கள், அந்தப் பதில் அடுத்த 20 நிமிடத்துக்கு உதவும். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு கேட்டால் அட்டைதான் வரும்.

வாதத்துக்கு நேர எல்லையும் உண்டு. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவர் அந்தத் தீர்ப்பை மாற்ற முடியாது. ஆகவே உண்மையான சட்டப் பிழை என்றால் கப்டன் அதற்கு முன்னரே கேட்க வேண்டும். 2019 முதல் பயிற்றுவிப்பாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. மாற்று வீரர்கள் இருக்கும் வாங்கிலிருந்து யார் கத்தியது என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கிற மூத்த பயிற்றுவிப்பாளருக்குத்தான் அட்டை. வாங்கில் இருப்பவர்களின் வாயை அடக்குவது உங்கள் சொந்த நலனுக்கும்தான்.

முறைப்பாடு எழுத வேண்டி வந்தால் இரண்டு வகையைப் பிரியுங்கள். கை விரிந்ததா, கால் தாமதமா, பந்து கோட்டைத் தாண்டியதா என்பவை நடுவர் கண்ணால் கண்ட தீர்ப்பு. அது இறுதியானது, எழுதிப் பயனில்லை. த்ரோவில் இருந்து நேரே வாங்கியதற்கு ஓஃப்சைட் கொடுத்தது, ஒரே வீரருக்கு இரண்டு மஞ்சள் காட்டியும் வெளியேற்றாமல் விட்டது போன்றவை சட்டத்தைப் பிழையாகப் பிரயோகித்தவை; அவற்றை எழுதலாம். எத்தனையாவது நிமிடம், அப்போது கோல் நிலை என்ன, ஆட்டம் எப்படி மீண்டும் தொடங்கியது, எந்த இலக்க வீரர் என்பவற்றை மட்டும் எழுதி, முகாமையாளர் கையொப்பத்தோடு, போட்டி விதியில் சொல்லப்பட்ட நேரத்துக்குள் ஏற்பாட்டாளரிடம் கொடுங்கள். நடுவரின் ஊர், அவர் யாருக்குச் சொந்தம் போன்ற வரிகளை எழுதிய கடிதத்தை யாரும் கடைசிவரை வாசிக்க மாட்டார்கள்.